நெட்டையை அனுப்பிய வருஷம்

என் வீட்டுக்காரரை ஊரே திட்டிய காலம் ஒன்று இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் என்னை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த டாக்டர் கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எதுக்கு நெட்டையை வித்தாரு?" வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? "ஆ" என்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவரும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணிக்கு அவர் மேனேஜர். யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம் என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் போகும். என் அண்ணன் அதே அணிக்குக் கோச். முதலாளி என்று ஒருவர் இருந்தார். ஆனால் அவர் ஊரில் இருப்பதே அபூர்வம். அதனால் அணியைக் கட்டி மேய்த்தது இவர்கள் இரண்டு பேரும்தான்.

இளவயதில் இரண்டு பேரும் ஒரே அணிக்காரர்கள். ஆடியது அண்ணன். என் வீட்டுக்காரர் கூடவே இருந்தார், அவ்வளவுதான். "நான் ஷூவைத் தேய்ச்சேன், மாப்ளே பெஞ்சைத் தேய்ச்சான்" என்று அண்ணன் கல்யாண வீட்டிலேயே சொல்லிச் சிரித்தவன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரிந்தது என்று பின்னால் அவனே ஒப்புக்கொண்டான்.

ஒருநாள் அண்ணனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், ஒல்லியான ஒருவர் என் அண்ணனை உப்புமூட்டை தூக்கியபடி நிற்கிறார். வியர்வை சொட்டுகிறது. என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "முதல்ல இவனை எங்க இறக்கி வைக்கிறதுன்னு சொல்லுங்க." அண்ணனோ முதுகில் இருந்தபடியே, "இவன்தான் நான் சொன்னேன்ல, அவன்" என்று அறிமுகம் செய்து வைக்கிறான். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

நெட்டையைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். சிமெண்ட் கிடங்கு ஒன்றில் ஏணி இல்லாமல் பல்பு மாட்டுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, இவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கப் போனார். அவனுக்கு ஆட்டமும் தெரிந்திருந்தது. கிடங்குக்குப் பின்னால் சுவரில் ஒரு இரும்பு வளையத்தை அடித்துவைத்து, தனியாக ஆடிக்கொண்டிருந்தானாம். அதிகம் பேச்சு வராத பிள்ளை. வந்த புதிதில் அவனுக்கு வாடகைக்குப் பிடித்த அறையில் கட்டில் நீளம் போதவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தோம். பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்பதுதான் அவன் வாயிலிருந்து அதிகம் வந்த சொல். எங்கள் மகள் அப்போது சின்னவள். அவன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூரையைத் தொட்டு விளையாடுவாள். கூரையில் அவள் விரல் அழுக்கு வரிசையாக இருந்தது. வெள்ளையடிக்க வந்தவர்களை அந்த மூலையைத் தொடவிடாமல் விரட்டியிருக்கிறேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெயித்த கோப்பை இல்லை, பஸ்தான். வெளியூர் ஆட்டங்களுக்கு எல்லாரும் ஒரே பஸ்ஸில் போவோம். மனைவிமார், பிள்ளைகள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், எல்லாரும். முன் சீட்டில் என் வீட்டுக்காரர். எந்த ஊரில் எங்கே தங்குவது, யாருக்கு வயிறு சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். அண்ணன் உட்காரவே மாட்டான். நடுவில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, போன ஆட்டத்தைத் திரும்ப ஆடிக் காட்டுவான். கடைசி சீட்டில் நெட்டை படுத்திருப்பான். அவன் கால் மட்டும் நடைபாதையில் பாதி தூரத்துக்கு நீண்டிருக்கும். தடுக்கி விழாத ஆளே கிடையாது. "ரயில்வே கேட்டைத் தூக்குடா" என்று சொன்னால் தூக்கத்திலேயே காலை மடக்குவான். தோற்றுவிட்டுத் திரும்பும்போதுகூட அந்த பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உம்மென்று இருக்க முடியாது. யாராவது ஒருத்தர் பாட ஆரம்பித்துவிடுவார்கள், சுதியே இல்லாமல்.

ஒரு வருஷம் கோப்பை கிடைத்தது. கடைசி ஆட்டத்தின் கடைசி வீச்சு நெட்டையுடையது. திறந்த லாரியில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. லாரிக்கு டீசல் போடப் போயிருந்தார்.

அதற்கு அடுத்த சீசன் முடிந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. நெட்டை துறைமுக நகரத்து அணிக்குப் போகிறான். பதிலுக்கு அங்கிருந்து இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். 'அணியின் எதிர்காலத்தை மனத்தில் கொண்டு எடுத்த முடிவு' என்று என் வீட்டுக்காரர் சொன்னதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. அந்த மாதிரி அவர் ஆயுசில் பேசி நான் கேட்டதில்லை.

வந்த இரண்டு பேரில் ஒருத்தனுக்கு முதல் மாதமே காலில் எலும்பு முறிந்தது. இன்னொருத்தன் நல்லா ஆடுகிறவன்தான், ஆனால் ஊர் நினைப்பு. ஆட்டம் முடிந்ததும் துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து அம்மாவுக்கு போன் போட்டு அழுவானாம். அணி கீழே போக ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது. பட்டியலில் கடைசி. அடுத்த வருஷமும் கடைசி.

ஜனங்கள் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, "இன்னைக்குச் சுட்டதும்மா, நம்பி எடுத்துட்டுப் போங்க. உங்க டீம் மாதிரி பழசு இல்லை" என்பார். ஒருநாள் காலையில் வாசல் முழுக்கக் குப்பை கொட்டிக் கிடந்தது. அவரே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். "முட்டை ஓடு நிறைய இருக்கு. வசதியான வீட்டுக் குப்பைதான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அரங்கில் வடக்குப் பக்கம் மேல் வரிசையில் உட்காருகிற கூட்டம் ஒரு கோஷம் கண்டுபிடித்திருந்தது. "மேனேஜரே, மூட்டை கட்டு!" கைதட்டிக்கொண்டே ராகம் போட்டுச் சொல்வார்கள். எங்கள் மகளுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. எங்களோடு உட்கார வெட்கப்பட்டுத் தோழிகளோடு மேலே போய்விடுவாள். ஒருநாள் அந்தக் கோஷம் எழுந்தபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயும் சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. கையைத் தட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, மனசாரக் கத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தோளில் தூக்கிய மாமாவை விற்றுவிட்டவர் அல்லவா அவள் அப்பா.

நான் பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறார் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. தட்டில் கையை வைத்தபடி சொன்னார்: "குரல் நல்லா இருந்துச்சும்மா. ஆனா 'மூட்டை'ன்னு சொல்லிட்டு மூச்சு வாங்குற. ஒரே மூச்சுல சொல்லணும்."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை.

நானும் ஒரு தடவை கேட்டேன். "ஏங்க, அவனை ஏன் அனுப்பினீங்க?"

"அனுப்ப வேண்டியதாப் போச்சு."

"யாருக்கு வேண்டியதா?"

"சாப்பாடு ஆறுது பாரு" என்றார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று தெரியும். விட்டுவிட்டேன்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அவன் பேச்சு குறைந்துபோனது. சாப்பாட்டை மட்டும் அளவுக்கு மீறிப் புகழ்வான். உப்பு போட மறந்த அன்றைக்கும் புகழ்ந்தான். பத்திரிகைக்காரர்கள் அவனிடம், மேனேஜர் செய்தது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, "எனக்குக் கொடுத்த ஆளுங்களை வச்சு ஆடுறேன்" என்று சொல்லியிருந்தான். அதைப் படித்து எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவரிடம் காட்டினேன். "நல்ல பதில்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கடைசியில் முதலாளி ஊருக்கு வந்தார். வந்த அன்றைக்கு மத்தியானமே என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் நாற்காலித் திண்டோடு. முதுகு வலிக்கிறது என்று நான் தைத்துக் கொடுத்த திண்டு அது. வேறு எதையும் எடுத்து வரவில்லை. அதையே தலைக்கு வைத்துப் படுத்து சாயங்காலம் வரை தூங்கினார். மறுநாள் தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒரு பன்னைச் சும்மா போட்டுக் கொடுத்தார்.

புது மேனேஜர் வந்தார். அணி அந்த வருஷமும் தோற்றது. அடுத்த வருஷமும் தோற்றது. பிறகு அண்ணனையும் அனுப்பினார்கள். அவன் போனபோது யாரும் கோஷம் போடவில்லை. கோஷம் போட அரங்கில் ஆளே குறைந்துவிட்டார்கள்.

காலம் ஓடிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அண்ணன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தான். மகள் படித்து, பிசியோதெரபி வைத்தியம் செய்கிறவளாகி, பக்கத்துத் தெருவிலேயே சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறாள். அப்பாவும் மகளும் எப்போதோ சமாதானமாகிவிட்டார்கள், ஆனால் அந்த விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் தொடுவதே இல்லை.

போன வருஷம் கிளப்பிலிருந்து போன் வந்தது. நெட்டையின் பனியனை அரங்கின் கூரையில் ஏற்றிப் பெருமைப்படுத்தப் போகிறார்களாம். அதில் போட்டிருக்கிற எண்ணை இனி யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் வர வேண்டும் என்றார்கள்.

"நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்றார் அவர்.

"நானும் கூட வர்றேன்ப்பா. நீங்க வரலைன்னா எல்லாரும் என்ன நினைப்பாங்க?" என்றாள் மகள்.

"வந்தா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சியா?" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கே பழைய கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

விழா அன்று காலையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான், சேர்ந்து போகலாம் என்று. கண்ணாடி முன்னால் நின்று டை கட்டினான். கட்டினான், அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். "கொண்டாங்க மாமா, நான் கட்டி விடுறேன்" என்று மகள் பக்கத்தில் போனாள். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் சொல்லிவிட்டான்.

"உங்க அப்பன் அவனை விக்கலம்மா. நான்தான் அனுப்பச் சொன்னேன்."

மகள் கை அப்படியே நின்றது. கூடத்தில் ஷூவுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "மச்சான், நேரமாச்சு" என்றார்.

"நேரம் ஆனா ஆகட்டும். இன்னைக்கு அங்க போய் எல்லாரும் எனக்குக் கை தட்டுவானுங்க, இவனைப் பார்த்துக் கத்துவானுங்க. நான் பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் அவன் நெட்டையிடம் இடது பக்கம் போய்ப் பந்தை இன்னொருத்தனுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். நெட்டை தலையை ஆட்டிவிட்டு வலது பக்கம் போய்த் தானே வீசிவிட்டான். பந்து உள்ளே போய்விட்டது. கோப்பையும் கிடைத்துவிட்டது. ஊரே அவனைத் தூக்கிக்கொண்டு ஆடும்போது, சொன்னதைக் கேட்கவில்லையே என்று இவன் மட்டும் எரிந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அடுத்த வருஷம் நான் எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவான். அவன் இஷ்டத்துக்குத்தான் ஆடுவான். அவனைப் பார்த்து மத்த பசங்களும் அப்படியே. எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும் போல இருந்துச்சு. மாப்ளேகிட்ட போனேன். ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும், நீயே முடிவு பண்ணுன்னு சொல்லிட்டேன்."

மகள் ஒரு காலில் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாசலில் குப்பை கொட்டிய வாரம்கூட வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன்தானே இவன்.

"ஏண்ணா, அப்பவே ஒரு வார்த்தை வெளியில சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். முதல் வருஷம் தோத்தப்ப பயமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் வெட்கமா இருந்துச்சு. அப்புறம் இவனையே அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் சொல்லி என்ன?"

என் வீட்டுக்காரர் ஷூவோடு வந்து அறை வாசற்படியில் நின்றார். மகள் அழ ஆரம்பித்திருந்தாள். "அப்பா, நான் போய் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தவளை அவர் முடிக்க விடவில்லை.

"இரு, இரு. அவன் கேட்டான், சரி. முடிவு பண்ணது நான்தானே? கேக்கிறதுக்கெல்லாம் சரின்னு சொல்றதுக்கா என்னை அந்த நாற்காலியில உட்கார வச்சாங்க? அணிக்கு யாரு வேணும்னு எனக்கு நல்லாத் தெரியும். நெட்டைதான் வேணும். கோச் வேற ஆள் கிடைப்பாங்க. தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

"தெரிஞ்சே ஏன்?" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். "மச்சானை வேலையை விட்டுத் தூக்கிட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு வர்றது? உங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் வந்ததைவிட இவர் மேல்தான் அதிகம் வந்தது. என்னைக் காரணமாக வைத்து எடுத்த முடிவு, அதை என்னிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் நான். நெட்டையை எனக்கும் தெரியாதா? அண்ணனையும் தெரியாதா? ஆனால் வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. "வாங்க போகலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அரங்கை ரொம்ப மாற்றிவிட்டார்கள். மர பெஞ்சுகளுக்குப் பதிலாக மெத்தை நாற்காலிகள். ஆனால் தரைக்குப் போடும் பாலிஷ் அதேதான் போலிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை வந்தது, ஒரு நிமிஷம் எனக்கு முப்பது வயது. ஒவ்வொரு பேராகச் சொல்லி எழுப்பி நிறுத்தினார்கள். அண்ணன் பேரைச் சொன்னதும் நல்ல கைதட்டல். என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னபோதும் கை தட்டினார்கள். அதற்கு நடுவில் மேல் வரிசையிலிருந்து ஒருத்தன் "ஊ..." என்று ஆரம்பிக்க, பத்து இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். பழைய கோபமெல்லாம் இல்லை. நாடகத்தில் வில்லன் வந்தால் கத்துவார்களே, அந்த மாதிரி சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். அவர் எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினார்.

அண்ணன் சட்டென்று எழுந்தான். மைக் இருந்த பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். என் வீட்டுக்காரர் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு மச்சான். இது அவன் நாள். அதுல போய் நம்ம கதையைக் கொட்டாத."

அண்ணன் உட்கார்ந்தான். "நான் மேல போய் அவனுங்களை நாலு கேள்வி கேட்டுட்டு வரட்டுமா?" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"விடும்மா. அவங்க சொல்றதுல பாதி சரிதான்" என்றார்.

பனியன் கூரைக்கு ஏறியது. நெட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். முடி முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் நின்ற புது ஆட்டக்காரர்களைவிட அவன்தான் உயரம்.

எல்லாம் முடிந்து, ஆட்டக்காரர்கள் போகிற அந்தக் குறுகலான வழியில் நாங்கள் நின்றோம். அவன் பழக்கதோஷத்தில் நிலைப்படிக்குக் குனிந்து வந்தான். "அக்கா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். இப்போது நன்றாகப் பேசுகிறான். துறைமுக நகரத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டானாம். கோப்பை மட்டும் பிறகு கிடைக்கவே இல்லையாம்.

அண்ணன் முன்னால் வந்தான். "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன்னை அனுப்பச் சொன்னது..."

"நீங்கதான். தெரியும் கோச். அந்த ஊருக்குப் போன முதல் வாரமே யாரோ சொல்லிட்டாங்க." அவன் சிரித்தான். "உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. கோச்சுன்னா கோபம் வரும். நானும் உங்களைப் படுத்தினேன்ல. எனக்கு மேனேஜர் சார் மேலதான் கோபம்."

என் வீட்டுக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கழுத்தை நன்றாகவே உயர்த்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"உங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டவன் சார் நான். பேப்பரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன், என்னை அனுப்பிட்டீங்கன்னு. ஒரு தடவை கூப்பிட்டு, இந்த மாதிரிடா, என்ன பண்ணலாம்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்" என்றார் அவர்.

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா, சரி சார், போறேன்னு தலையை ஆட்டியிருப்ப. அந்த மூஞ்சியைப் பார்த்தப்புறம் என்னால உன்னை அனுப்பியிருக்க முடியாது. அதுக்குத்தான் கேக்கல." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல என்னென்னமோ சொல்லித் திட்டினாங்கடா. இதைச் சொல்லி ஒருத்தனும் திட்டலை. நீ வந்து திட்டிட்ட."

நெட்டை குனிந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்ததில் அவன் முதுகு வலித்திருக்கும். ரொம்ப நேரம் விடவில்லை.

திரும்பி வரும்போது மகள் வண்டியை ஓட்டினாள். நான் முன்னால். அண்ணனும் அவரும் பின்னால். கொஞ்ச தூரம் போனோம். பிறகு ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவன் இருந்திருந்தா அடுத்த வருஷமும் கோப்பை நமக்குத்தான் மாப்ளே."

"நீ இருந்துக்கிட்டு, அவனும் இருந்தா எங்கிருந்து கோப்பை வரும்? துணி மாத்துற ரூம்லயே சண்டை."

"அப்ப நான் போயிருக்கணும்ங்கிற."

"நான் அப்படிச் சொல்லலை."

"சொல்லாம சொல்ற."

அத்தனை வருஷத்தில் நான் கூடைப்பந்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. திரும்பாமலே சொன்னேன்: "நீங்க ரெண்டு பேரும் போயிருக்கணும். நெட்டை இருந்திருக்கணும்."



"சொந்த அண்ணன்னு பார்க்காம..." என்று அண்ணன் இழுத்தான்.

"சொந்த அண்ணன்னு பார்த்ததுலதானே எல்லாம் கெட்டுச்சு" என்றேன். "என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். இவன் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான், அப்புறம் பசிச்சா வந்துருவான்னு."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அண்ணனை வீட்டில் இறக்கிவிட்டபோது, "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று ஜன்னல் பக்கம் குனிந்து கேட்டான்.

"வேண்டாம்."

"அதுக்கு அடுத்த ஞாயிறு?"

"நானே சொல்றேன்" என்றேன்.

சில வாரங்கள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரே கிளம்பி அண்ணன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவன் முட்டையைக் கருக்கிப் போடுவானாம். இரண்டு பேரும் அதைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு ஆட்டம் பேசுவார்களாம். சாயங்காலம் பசியோடு வந்து, "வீட்டுல என்ன இருக்கு?" என்று பாத்திரங்களைத் திறந்து பார்ப்பார். ஒரு வார்த்தை எனக்குப் புத்தி சொல்லவில்லை. மெலிந்துகொண்டு மட்டும் வந்தார்.

கடைசியில் நானே போன் செய்தேன். அண்ணன் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் உன்கிட்ட ஒண்ணு பேசணும்மா" என்றான்.

"முதல்ல சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டான். அன்றைக்குச் சாப்பாட்டைப் புகழவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்த வருஷங்களை ஆரம்பத்திலிருந்து எனக்குச் சொன்னான். ஒவ்வொரு ஆட்டமாக, ஒவ்வொரு தோல்வியாக, ஒவ்வொரு தடவையும் சொல்ல வாய் வரை வந்து விழுங்கியதை எல்லாம் சேர்த்து. நடுவில் என் வீட்டுக்காரர் எழுந்து டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, அவன் சொல்லி முடிக்கிற வரை கேட்டேன்.